“தனியாவா வர்றீங்க... சாப்டீங்களா?” - திருவண்ணாமலைச் சாலையில் முகம் தெரியாத மனிதர்கள்

செஞ்சியைத் தாண்டி மேற்கே வரும் சாலையில், கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது மலை நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். காரில் வருபவர்களுக்கு அது சில நிமிடக் காட்சி. பஸ்ஸில் வருபவர்களில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சைக்கிளில் வருபவருக்கு மட்டும் அந்த 2,668 அடி மலை ஒரு மணி நேரம் கண்ணெதிரே நின்றுகொண்டே இருக்கும். நெருங்குகிறதா, விலகிப்போகிறதா என்றே தெரியாது.

பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பை, ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை, வெயிலில் கறுத்த முகம். அப்படி ஒருவர் தனியாக வந்து சாலையோர டீக்கடையில் வண்டியைச் சாய்த்தால் என்ன நடக்கும் என்பது, தமிழ்நாட்டில் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் மனப்பாடம். முதல் கேள்வி, “எங்கேர்ந்து வர்றீங்க?” இரண்டாவது, “எங்க போறீங்க?” மூன்றாவது கொஞ்சம் நம்பாத குரலில், “தனியாவா?” நான்காவது, “வண்டி எவ்ளோ?” விலையைச் சொன்னதும் ஒரு சின்ன மௌனம். ‘இதுக்கு ஒரு பைக்கே வாங்கியிருக்கலாமே’ என்று யாராவது ஒருவர் முணுமுணுப்பார். இதெல்லாம் முடிந்த பிறகு வரும் கடைசிக் கேள்வி: “சாப்டீங்களா?”

அந்தக் கடைசிக் கேள்விக்காகவே ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டீக்குக் காசு கொடுக்கப் போனால், ‘அவர் குடுத்துட்டுப் போயிட்டாரு’ என்று கடைக்காரர் கை காட்டுவார். அந்தப் பக்கம் பார்த்தால், யாரோ ஒருவரின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். தூசி கிளப்பியபடி போய்க்கொண்டிருக்கும்.

திருவண்ணாமலைக்கு வரும் பாதையில் இந்தக் கேள்வி புதிதல்ல. கையில் போதுமான காசில்லாமல், வழியும் சரியாகத் தெரியாமல் தனியாக இந்த ஊரைத் தேடி வந்த ஒருவரின் பயணம், கிட்டத்தட்ட அணாக் கணக்கு வரைக்கும் பதிவாகியிருக்கிறது. அவர் வந்தது சைக்கிளில் அல்ல. பாதி ரயில், பாதி நடை. ஆனால், தனியாகப் பயணம் கிளம்பும் எவரும் அந்தக் கதையில் தங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று ரூபாயும் ஒரு பழைய அட்லஸும்

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனுக்கு வயது 16. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் இம்போசிஷனில் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஒரு வார்த்தை சுருக்கென்று சொன்னார். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இவர் எழுந்தார். ‘அப்படியே பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துக்கொண்டு போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடு’ என்றார் அண்ணன்.

பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அழைத்த அந்தப் பையன், பணத்தில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயையும் ஒரு சின்னக் கடிதத்தையும் வைத்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார். ஃபீஸ் இன்னும் கட்டப்படவில்லை என்பதைக்கூட அந்தக் கடிதத்தில் மறக்காமல் எழுதியிருந்தார். வீட்டை விட்டு ஓடுகிற பையன்களில் இப்படிக் கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள் அபூர்வம்.

வழிக்கு அவரிடம் இருந்தது ஒரு பழைய அட்லஸ் சொன்ன தகவல் மட்டும்தான். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்றது அது. 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கினார். கையில் மிச்சம் 3 அணா. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போட்டாகிவிட்டது என்பது அந்த அட்லஸுக்குத் தெரியாது.

அதைச் சொன்னவர் அதே பெட்டியில் பயணம் செய்த வெள்ளைத்தாடி மௌல்வி ஒருவர். மற்றவர்களோடு பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்த பையனிடம் அவராகவேதான் பேச்சுக் கொடுத்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். திருவண்ணாமலை என்றதும், விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று வழி சொன்னார். இன்றைக்கு கூகுள் மேப் தப்பான சந்தில் கொண்டுபோய் விடும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், ‘அது பழைய ரோடு தம்பி, இப்படிப் போ’ என்று சொல்வாரே, கிட்டத்தட்ட அதுதான் இது.

விழுப்புரத்தில் இறங்கியபோது அதிகாலை மூன்று மணி. விடிந்ததும் வழி தேடி ஊருக்குள் நடந்தார். ஒரு கைகாட்டியில் ‘மாம்பழப்பட்டு’ என்று இருந்ததே தவிர, திருவண்ணாமலைக்கு வழி எதுவும் புலப்படவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் நின்றார். பகலில்தான் சாப்பாடு என்றார்கள். காத்திருந்து சாப்பிட்டுவிட்டு 2 அணாவை நீட்டினார். கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கடைக்காரர் கேட்டார். இரண்டரை அணா என்று பதில் வந்தது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அவர்.

இதை மேலோட்டமாகப் படித்தால் ஒரு வேளைச் சோறு இலவசம், அவ்வளவுதான் என்று தோன்றும். அடுத்து நடந்ததைப் பாருங்கள். கடைக்காரர் வாங்க மறுத்த அந்த 2 அணாவில்தான் வேங்கடராமன் மாம்பழப்பட்டுக்கு ரயில் டிக்கெட் வாங்கினார். காசை வாங்கிக் கல்லாவில் போட்டிருந்தால், பையன் விழுப்புரத்திலிருந்தே நடக்க வேண்டியிருந்திருக்கும். தன் சிறிய தள்ளுபடி ஒருவரை அடுத்த ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது என்று கடைக்காரருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

மாம்பழப்பட்டிலிருந்து 10 மைல் நடை. இருட்டும் நேரத்தில் அரகண்டநல்லூர் கோயில் வந்தது. பூஜை முடிந்ததும் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றார் அர்ச்சகர். அவர்களோடு சேர்ந்து முக்கால் மைல் தள்ளியிருந்த கீழூர் கோயிலுக்கு நடந்தார். அங்கேயும் பூஜை முடியும்வரை காத்திருந்து கேட்டார். அங்கேயும் இல்லை.

அப்போதுதான் அந்தக் கோயில் மேளக்காரர் குறுக்கிட்டார். தன் பங்குச் சோற்றை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிடும்படி சொன்னார். அன்றைய வேலைக்கான கூலியில் அதுவும் ஒரு பகுதி. அதைத்தான் அவர் கொடுத்தார். கோயிலில் சோறு கொடுக்கும் அதிகாரம் இருந்தவர்கள் இரண்டு முறை கைவிரித்த பிறகு, அதிகாரமே இல்லாத ஒருவர் தன் பங்கைத் தூக்கிக் கொடுத்தார் என்பதைக் கவனிக்காமல் இந்தக் கதையைக் கடந்துவிட முடியாது.

குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனபோது பையன் மயங்கிச் சரிந்தார். கண் விழித்தபோது சுற்றிலும் கூட்டம். சோறு தரையில் சிதறிக் கிடந்தது. அதைப் பொறுக்கியெடுத்துச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கினார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டு வாசலில் போய்ப் பசிக்கிறது என்று நின்றார். வீட்டுப் பெண்மணி உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். கையில் இனி காசில்லை. காதில் போட்டிருந்த கல் பதித்த தங்கக் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்து, 4 ரூபாய் கடன் கேட்டார். கடுக்கனின் மதிப்பு 20 ரூபாய் இருக்கும். பாகவதர் அதைப் பரிசோதித்துப் பார்த்து, பையனின் முகவரியை வாங்கிக்கொண்டு, தன் முகவரியையும் எழுதிக் கொடுத்துப் பணம் தந்தார். பகல் சாப்பாட்டுக்கும் இருக்கச் சொன்னார்கள். கிளம்பும்போது ஒரு பொட்டலம் பட்சணம் கட்டிக் கொடுத்தார்கள். கிருஷ்ணருக்கு இன்னும் படைக்காத பட்சணம் அது. கிருஷ்ண ஜயந்தி கொண்டாடும் வீடுகளில் படைப்பதற்கு முன்னால் குழந்தைகள் ஒரு சீடையை எடுத்தாலே கையில் அடி விழும் என்பது தெரிந்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும்.

பையன் அந்த முகவரிச் சீட்டைக் கிழித்துப் போட்டார்; கடுக்கனை மீட்கும் எண்ணமே இல்லை. இரவு ரயில் நிலையத்தில் படுத்திருந்துவிட்டு, 1896 செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் இறங்கினார்.

சக்கரம் வந்த பிறகு

வேங்கடராமன் வருவதற்குப் பத்து வருடம் முன்பே, சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பிய முதல் ஆள் இந்தியாவைக் கடந்து போயிருந்தார். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற அவர், முன்னால் ஆள் உயரச் சக்கரமும் பின்னால் தம்ளர் மாதிரி ஒரு சின்னச் சக்கரமும் வைத்த வண்டியில் 1886-ல் வடக்கே கிராண்ட் ட்ரங்க் ரோட்டில் கல்கத்தா வரை ஓட்டினார். தெற்கே அவர் வரவில்லை. வந்திருந்தால் நம்மூர்க்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, ‘இதுல எப்படி ஏறுவீங்க?’ என்பதாகத்தான் இருந்திருக்கும்.

தனியாகச் சைக்கிளில் வருகிறவரிடம் மட்டும் ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்? இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, வேகம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் வருகிறவரின் முகம் தெரியும். அவர் சிரித்தால் நாம் திரும்பச் சிரிக்க நேரம் இருக்கும். இன்னொன்று, அவருக்கு என்ன தேவை என்பது பார்த்ததுமே தெரியும். தாகம், பசி, பஞ்சர், வெயில், இருட்டு எல்லாம் அவர் மேலேயே எழுதியிருக்கும். ஏ.சி. காருக்குள் இருப்பவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்? கூட்டமாக வருகிறவர்களிடமும் யாரும் போய்ப் பேசுவதில்லை. அவர்களுக்கு அவர்களே துணை.

டெர்வ்லா மர்ஃபி இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். அயர்லாந்துக்காரர். பத்தாவது பிறந்தநாளுக்குப் பழைய சைக்கிள் ஒன்றும் அட்லஸ் ஒன்றும் பரிசாகக் கிடைக்க, ஒரு நாள் இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருந்ததால், கிளம்ப இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. 1963 ஜனவரி 14. நம் வீடுகளில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்த நாளில், ஐரோப்பாவின் மிகக் கொடுமையான குளிர்காலம் ஒன்றில், 31 வயதில் தனியாகக் கிளம்பினார். சைக்கிளுக்கு ‘ரோஸ்’ என்று பெயர். டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரைச் சுருக்கி வைத்தது.

அவர் பையில் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தது. அது தேவையும்பட்டது. பால்கன் பனியில் ஓநாய்கள் பாய்ந்தபோது சுட்டார். துருக்கியில் ராத்திரி அறைக்குள் நுழைந்த ஆளை விரட்ட மேல்நோக்கிச் சுட்டார். ஈரானில் ஒரு போலீஸ்காரரிடமிருந்தே தப்பிக்க வேண்டியிருந்தது. ஆப்கானிஸ்தானில் பஸ்ஸுக்குள் நடந்த தகராறில் துப்பாக்கிக் கட்டை பட்டு விலா எலும்பு முறிந்தது.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, ‘இதுக்குத்தான் பொம்பளைப் பிள்ளையைத் தனியா அனுப்பக் கூடாதுங்கறது’ என்று சொல்பவர்கள் மீதிக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆறு மாதப் பயணத்துக்கு அவர் செலவழித்தது 64 பவுண்டும் சில்லறையும். அது எப்படி முடிந்தது? வழியெல்லாம் டீக்கடைகளும் வீடுகளும் அவரைக் காசு வாங்காமல் படுக்கவைத்து, சாப்பாடு போட்டு அனுப்பியதால்தான். விலா எலும்பு முறிந்த அதே ஆப்கானிஸ்தான் மக்களைத்தான் அவர் கடைசிவரை கொண்டாடினார். அந்த ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். பிறகு திபெத்திய அகதிக் குழந்தைகளுக்கு வேலை செய்யத் தங்கிவிட்டார். பயணத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1965-ல் வந்தது. 2022 மே 22 அன்று 90 வயதில் இறக்கும்வரை, அவர் நம்பியது துப்பாக்கியை விட டீக்கடைகளை என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்து நிமிடம், பத்து ரூபாய்

அடுத்த கதை எதிர்த்திசையில் போனது. ஒடிசாவின் அத்மல்லிக் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் பிரத்யும்ன குமார் மகானந்தியா. தலித் நெசவாளர் குடும்பம். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார விடாமல் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்டவர். படம் வரையும் கை அவரை டெல்லி கலைக் கல்லூரி வரை கொண்டுவந்தது. கன்னாட் பிளேஸில் உட்கார்ந்து, ‘பத்து நிமிடத்தில் பத்து ரூபாய்க்கு உங்கள் படம்’ என்று போர்டு வைத்துப் பிழைத்தார்.

1975 டிசம்பர் 17 அன்று அந்தப் போர்டைப் பார்த்து நின்றவர், ஸ்வீடனிலிருந்து வேனில் இந்தியாவுக்கு வந்திருந்த ஷார்லட். மீதிக் கதையை சினிமாக்காரர்கள்கூட இவ்வளவு தைரியமாக எழுத மாட்டார்கள். சில வாரங்களில் காதல். ஊருக்கு அழைத்துப்போய் அப்பா முன்னிலையில் பழங்குடி முறையில் கல்யாணம். ஷார்லட் ஊர் திரும்பினார். விமான டிக்கெட் அனுப்புகிறேன் என்றார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. தன் சொந்த முயற்சியில் வருவேன் என்றார்.

இருந்ததையெல்லாம் விற்றார். கிடைத்தது 1,200 ரூபாய். அதில் 60 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேடீஸ் சைக்கிள் வாங்கினார். 1977 ஜனவரி 22 அன்று கிளம்பி, ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று போனார். ஒரு நாளைக்கு சுமார் 70 கிலோமீட்டர். வண்டி பல தடவை பழுதானது. சாப்பாடில்லாத நாள்களும் உண்டு.

அவரைக் காப்பாற்றியது பென்சில். வழியில் பார்த்தவர்களின் முகங்களை வரைந்து கொடுத்தார். சிலர் காசு கொடுத்தார்கள். பலர் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தார்கள். பாஷை தெரியாத இடங்களில் படம்தான் பேசியது. உதவி வாங்கிக்கொள்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது. தனியாகப் பயணம் போகிற எல்லோரும் முதல் சில நாள்கள் அதில் தவிப்பார்கள். பதிலுக்குக் கொடுக்க ஏதாவது ஒன்று, ஒரு படமோ, ஒரு பாட்டோ, குழந்தைகளுக்கு வண்டியில் ஒரு ரவுண்டோ இருந்தால் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறையும். மே 28 அன்று ஐரோப்பாவை அடைந்த மகானந்தியா, கடைசித் தூரத்தை ரயிலில் கடந்து ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார். அங்கேயே கலை ஆசிரியராக வாழ்ந்து, இரண்டு குழந்தைகளை வளர்த்தார்.

இவருடைய பயணத்தையும் வேங்கடராமனின் பயணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். 1896-ல் அந்தப் பையனுக்குக் கோயிலுக்குள் போய்க் கேட்க முடிந்தது. பாகவதர் வீட்டு வாசலில் நின்று பசிக்கிறது என்று சொல்ல முடிந்தது. உள்ளே கூப்பிட்டு இலை போட்டார்கள். அதே பசியோடு, அதே வயதில், சேரியிலிருந்து ஒரு பையன் அந்தப் பாதையில் நடந்திருந்தால்? பெரும்பாலான தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லோருக்கும் திறக்கத் தொடங்கவே 1939 வரை ஆனது. சொந்த ஊர்ப் பள்ளியில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட மகானந்தியாவுக்கு, பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆப்கானிஸ்தானத்து வீடுகள் பாய் விரித்தன. முகம் தெரியாதவர்களின் அன்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி இன்றைக்கும் சில ஊர்களில், ‘சாப்டீங்களா?’ வருவதற்கு முன்னால் சுற்றி வளைத்து வரத்தான் செய்கிறது. நம்மூர் சைக்கிள் பயணிகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை என்பது. புதிதாக வந்தவர்தான் விருந்தினர். மாமாவும் அத்தையும் விருந்தினர் இல்லை, அவர்கள் சுற்றம். திருக்குறள் ‘விருந்தோம்பல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தது, முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்கிறவருக்காக. இன்றைக்கு அந்தச் சொல் கல்யாண மண்டபத்துப் பந்திக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

‘அப்பா, நான் சைக்கிள்ல தனியா திருவண்ணாமலை போறேன்’ என்று கல்லூரியில் படிக்கும் மகள் சொன்னால், இந்தக் கதைகளெல்லாம் எவ்வளவு தூரம் உதவும்?

புனேவைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி 2018-ல் உலகத்தையே சுற்றினார். 159 நாள், 29,000 கிலோமீட்டர். கனடாவில் கரடி துரத்தியது. ஸ்பெயினில் கத்தியைக் காட்டி வழிப்பறி செய்தார்கள். காயத்தோடு எழுந்து மீண்டும் ஓட்டினார். மத்தியப் பிரதேசத்தின் ஆஷா மாளவியா, பெண்கள் இந்தியாவில் தனியாகப் போக முடியும் என்று காட்டவே 2022 நவம்பரில் போபாலிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். தமிழ்நாடு வழியாகவும் வந்து போனார். இவர்கள் யாரும் ‘எல்லோரும் நல்லவர்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு போனவர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் நல்லவர்கள் என்ற கணக்கை நம்பிப் போனவர்கள். மிச்சம் இருக்கிறவர்களுக்காக எச்சரிக்கையோடு இருந்தவர்கள்.

அந்த எச்சரிக்கையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இருட்டுவதற்குள் தங்கும் இடம் முடிவாகியிருக்க வேண்டும். அன்றைய இலக்கைக் கேட்கிற எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ‘பக்கத்து ஊர்ல சொந்தக்காரங்க காத்திருக்காங்க’ என்ற சின்னப் பொய் யாரையும் கெடுக்காது. உதவி கேட்க வேண்டுமென்றால் குடும்பமாக இருக்கும் வீடு, பெண்கள் இருக்கும் கடை, பெட்ரோல் பங்க். பங்க்கில் காற்று, குடிநீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, தயங்காமல் கேட்கலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. கூடவே ஒரு உதிரி ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப். முகம் தெரியாதவர் உதவுவார் என்பதற்காக, தானே செய்துகொள்ளக்கூடியதையும் அவர் தலையில் கட்டக் கூடாது என்பது சைக்கிள்காரர்களின் எழுதாத ஒழுங்கு.

அப்படியும் வண்டி நின்றுவிட்டால், தமிழ்நாட்டில் ஒரு வசதி உண்டு. 2001-ல் தொடங்கி சில வருடங்களில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தால், செயின் மாட்டத் தெரிந்த ஒரு பிள்ளை ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் இருக்கும். அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அப்போது ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் இன்று பாட்டிகள். தனியாகச் சைக்கிளில் வரும் ஒரு பெண்ணைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வருவது ஆச்சரியம் இல்லை; வேறு ஏதோ ஒன்று.

மறுப்பும் வரும். ‘இங்கெல்லாம் தங்க முடியாது’ என்று கதவு சாத்தப்படும். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சின்னக் குழந்தையோடு ராத்திரி தனியாக இருக்கும் ஒரு அம்மாவுக்கு, வாசலில் நிற்பவரைப் பார்த்துப் பயப்பட எல்லா உரிமையும் இருக்கிறது. கோயில் மண்டபம், சர்ச் வளாகம், பள்ளிக்கூட வராண்டா, காவல் நிலையத்துக்கு எதிர்ப்புறத் திண்ணை என்று அடுத்த கதவு ஒன்று இருக்கும். சைக்கிள் பயணிகளுக்கு வீட்டைத் திறந்துவிடுகிறவர்களை இணைக்கும் ‘வார்ம்ஷவர்ஸ்’ என்ற வலைப்பின்னல் 1993 முதல் உலகம் முழுக்க இருக்கிறது. முதலிலேயே எழுதிக் கேட்டுவிட்டால், இரண்டு பக்கமும் பயம் குறைகிறது.

திருவண்ணாமலை எல்லைக்குள் வந்துவிட்டால் சாப்பாட்டுக் கவலை பெரிதாக இருக்காது. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் சாப்பாடும் மோரும் யார் யாரோ கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வாங்குகிறவர் ஊர் பேர் யாரும் கேட்பதில்லை. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் கூடும்போதும் அப்படித்தான். மதுரையிலிருந்து 3 ரூபாயோடு வந்தவரின் பெயரில் இருக்கும் ஆசிரமத்தில், தினமும் உள்ளே பந்தி போடுவதற்கு முன்னால், வெளியே காத்திருக்கும் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் உணவு கொடுத்துவிடுகிறார்கள்.

சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் செஞ்சி வழியாகவோ, பெங்களூரிலிருந்து செங்கம் வழியாகவோதான் வருகிறார்கள். விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு, அரகண்டநல்லூர், திருக்கோவிலூர் வழியாக வருவது இன்னொரு பாதை. அதிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் தென்பெண்ணையைப் பார்த்துவிடலாம். 1896-ல் ஒரு பையன் மயங்கி விழும் அளவுக்கு நடந்த தூரத்தை ஒரு மணி நேரத்தில் மிதித்துவிடலாம். அந்தப் பையனுக்குக் கடன் கொடுத்த பாகவதரின் பெயர் பதிவாகியிருக்கிறது. விழுப்புரத்துக் கடைக்காரரை ‘ஹோட்டல்காரர்’ என்றும், ரயிலில் வழி சொன்னவரை ‘மௌல்வி’ என்றும்தான் சொல்கிறார்கள். கீழூர்க் கோயிலில் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தவர், இன்றைக்கும் வெறும் ‘மேளக்காரர்’தான். அன்று ராத்திரி அவர் என்ன சாப்பிட்டார் என்று எந்தக் கதையும் சொல்லவில்லை.